லாரிக்கு வாசல் ஒண்ணுதான்

போன முகூர்த்தத்துல சமயபுரத்துல ஒரு சொந்தக்காரங்க வீட்டுக் கல்யாணம். பந்தியில எனக்கு எதிர் வரிசையில ஒரு மாமா. ரசம் ஊத்துறப்ப ஆரம்பிச்சாரு.

"என்ன பாப்பா படிக்கிற?"

"லாஜிஸ்டிக்ஸ் மாமா. பி.வோக். கடைசி வருசம்."

"அப்படின்னா?"

"சரக்குப் போக்குவரத்து மாமா. குடோன், டெஸ்பாட்ச், பில்லு அதெல்லாம்."

"ஓ, லாரி ஆபீஸ் வேலை! அதுக்கு எதுக்கு மூணு வருசம் காலேஜ்? உங்கப்பன்கிட்ட மூணு மாசம் நின்னா போதாதா?"

சுத்தி நாலு பேரு சிரிச்சாங்க. எங்கப்பாவும் அதே பந்தியிலதான் இருந்தாரு. தலையைக் குனிஞ்சு சாப்ட்டுட்டே இருந்தாரு.

எனக்குப் பாயசம் இறங்கல.

படிப்பைக் குறைச்சுச் சொன்னதுகூடப் போகட்டும். 'லாரி ஆபீஸ்'னு சொல்றப்ப அவர் உதடு ஒரு பக்கமா இழுத்துச்சு பாருங்க, அதான் என்னால தாங்க முடியல. அவர் இலையில இருந்த சாதம், சாம்பாருக்குப் போட்ட பருப்பு, கையில வெச்சிருந்த தண்ணி பாட்டில் எல்லாமே லாரியிலதான் வந்துச்சு. பந்தியில பெரியவங்களை எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்ல. அதான் இங்க வந்து எழுதறேன். நீளமா வரும், பொறுத்துக்குங்க.

முதல்ல நம்ம ஊரைச் சொல்லிடறேன். திருவெள்ளறை. திருச்சியில இருந்து துறையூர் ரோட்டுல வந்தா மண்ணச்சநல்லூர் தாண்டி வரும். கோயிலுக்கு வந்திருப்பீங்க, புண்டரீகாட்சப் பெருமாள். மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைங்களுக்குப் பேர் போன ஊரு, பொன்னி அரிசி மூட்டையில அந்தப் பேரைப் பார்த்திருப்பீங்க. அங்கதான் அப்பா லோடு எடுக்கிறாரு. சொந்தமா ஒரு ஆறு வீல் லாரி. முன்னாடி டிரைவரா இருந்தாரு. கண்ணு சரியில்லாம போனதும் இப்ப ஒரு அண்ணன் ஓட்டுறாரு.

பி.வோக்னா என்னன்னு மாமா மாதிரி பல பேருக்குத் தெரியல. ஐ.டி.ஐ-யான்னு கேக்குறாங்க. இது டிகிரி. 2014ல யுஜிசி கொண்டு வந்தது. இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், ஒரு வருசம் முடிச்சு வெளிய வந்தா டிப்ளமோ, ரெண்டு வருசம்னா அட்வான்ஸ்டு டிப்ளமோ, மூணும் முடிச்சா டிகிரி. வீட்டுல கஷ்டம்னு நடுவுல நின்னா மத்த படிப்புல மாதிரி வெறுங்கையோட போக வேண்டாம். பாடத்துல நூத்துக்கு அறுபது பங்கு தொழில் பயிற்சி, நாப்பது பங்குதான் பொதுப்பாடம். கேக்க நல்லா இருக்குல்ல? அந்த அறுபது எப்படி நடக்குதுங்கறதுலதான் எல்லாமே இருக்கு. அதுக்கு வரேன்.

நான் இதுல சேர்ந்ததுக்குக் காரணம் ஒரு பாலம்.

திருச்சியில சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவுல இருக்கிற காவேரிப் பாலம். 1976ல கட்டினது. அதை 2022ல ரிப்பேருக்காக மூடிட்டாங்க, 2023 மார்ச்சுலதான் திறந்தாங்க. நான் அப்ப பிளஸ் டூ. பஸ்ஸெல்லாம் சென்னை பைபாஸ் பாலம் வழியா சுத்திச்சு, நான் டியூஷனுக்கு தினமும் லேட்டு. எனக்கு டியூஷன் போச்சு, அப்பாவுக்கு டீசல் போச்சு. காலையில ஒரு நடை, மதியம் ஒரு நடைன்னு ரெண்டு லோடு அடிச்ச வண்டி ஒரு லோடோட நின்னுச்சு. ராத்திரி அப்பா கணக்கு நோட்டைத் திறந்து வெச்சுட்டு, எழுதாம உக்காந்திருப்பாரு.

ஒரு பாலம் மூடினா ஒரு வீட்டுல அடுப்பு சின்னதா எரியும்ங்கறதை நான் பாடத்துல படிக்கல, பார்த்தேன். (அதுக்கு முன்னாடி 2018 வெள்ளத்துல கொள்ளிடத்துப் பழைய இரும்புப் பாலம் இடிஞ்சு விழுந்தது ஞாபகம் இருக்கா? பக்கத்துல புதுப்பாலம் ஏற்கனவே வந்திருந்துச்சு, அதனால ஊரு தப்பிச்சுது. மாத்து வழி இருந்தா விபத்து செய்தியோட போயிடும். இல்லன்னா அது பஞ்சம்.) இந்த ரோடு, பாலம், நேரம் இதையெல்லாம் உக்காந்து யோசிக்கிறதுக்குன்னு ஒரு படிப்பு இருக்குன்னு ஸ்கூல்ல ஒரு டீச்சர் சொன்னாங்க. சேர்ந்துட்டேன்.

சரி, பயிற்சிக்கு வருவோம்.

ரெண்டாம் வருசம் ஒரு குடோன்ல போட்டாங்க. (பேரு வேண்டாம்.) சோப்பு, எண்ணெய், பிஸ்கட்டு, டிடர்ஜென்ட் எல்லாம் வந்து இறங்கி கடைகளுக்குப் பிரிஞ்சு போற இடம். மூணாவது வாரம் சூப்பர்வைசர் என்கிட்ட ஒரு லோடு பிளான் போடச் சொன்னாரு. மூடின கண்டெய்னர் வண்டி. பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம், மூணு ஊருக்குச் சரக்கு.

ராத்திரி முழுக்க உக்காந்து போட்டேன். கனமானது கீழ, லேசானது மேல. எண்ணெய்க்கும் பிஸ்கட்டுக்கும் நடுவுல இடைவெளி. முன் அச்சுக்கு இவ்வளவு, பின் அச்சுக்கு இவ்வளவுன்னு எடை பிரிச்சு, கலர் பென்சில்ல படம் வரைஞ்சு. எடை மேடையில வண்டி ஏறினப்ப கணக்கு அப்படியே வந்துச்சு. எனக்குப் பூரிப்பு தாங்கல.

மதியம் ஒரு மணிக்கு டிரைவர் அண்ணன் போன். பெரம்பலூர்ல இருந்து.

"பாப்பா, இந்தக் கடைக்காரர் சரக்கு எங்க இருக்கு?"

பெரம்பலூர்ச் சரக்குதான் இருக்கறதுலயே கனம். எண்ணெய் டின்னு. எடை சரியா வரணும்னு நான் அதைக் கேபினை ஒட்டி, உள்ள கடைசியில வெச்சிருந்தேன். முதல் கடையிலயே வண்டி முழுக்க இறக்கி, டின்னை எடுத்துக் குடுத்துட்டு, திரும்ப ஏத்துனாங்க. ரோட்டோரம், சித்திரை வெயில்ல. ரெண்டரை மணி நேரம். ஜெயங்கொண்டம் போறதுக்குள்ள கடை சாத்தியாச்சு. அந்த அண்ணன் அன்னிக்கு ராத்திரி வண்டியிலயே படுத்துட்டு மறுநாள் இறக்கிட்டு வந்தாரு.

நான் குடோன் வாசல்லயே நின்னு மன்னிப்புக் கேட்டேன். அவர் திட்டல. துண்டை உதறித் தோள்ல போட்டுட்டு ஒண்ணே ஒண்ணு சொன்னாரு.

"எடையெல்லாம் நல்லாத்தான் போட்டிருந்த பாப்பா. ஆனா லாரிக்கு வாசல் ஒண்ணுதான். கடைசியா இறங்கறது முதல்ல ஏறணும்."

புத்தகத்துல இதுக்குப் பேரு இருக்கு. பரீட்சையில எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன். ஆனா எடையும் வரிசையும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடும், அந்தச் சண்டையைத் தீர்க்கிறதுதான் வேலைங்கறது அந்தப் பக்கத்துல இல்ல. இப்பெல்லாம் நான் முதல்ல இறங்குற வரிசையை எழுதுவேன், அப்புறம்தான் எடை. கனமான சரக்கு முதல் கடைக்குன்னா வண்டியை நீளவாக்குல ரெண்டாப் பிரிச்சு, ஒரு பக்கம் நடக்க வழி விட்டு அடுக்கச் சொல்றேன். கொஞ்சம் சரக்கு குறையும். ஆனா ரோட்டுல யாரும் வெயில்ல நிக்க வேண்டாம்.

மன்னிப்புக் கேட்ட அன்னிக்குச் சாயந்திரம் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போகாம நேரா நாலுமூலைக் கேணிக்குப் போயிட்டேன்.

பார்க்காதவங்களுக்கு: எங்க ஊர்ல கோயிலுக்குப் பக்கத்துல ஒரு கிணறு இருக்கு. ஸ்வஸ்திக் வடிவம். நாலு பக்கமும் படி இறங்கும், ஒவ்வொண்ணும் நடுவுல ஒரு மடிப்பு மடிஞ்சு தண்ணிக்குப் போகும். தந்திவர்ம பல்லவன் காலத்துல, அதாவது கிட்டத்தட்ட 1200 வருசத்துக்கு முன்னாடி, ஆலம்பாக்கத்து விசயநல்லூழானோட தம்பி கம்பன் அரையன் வெட்டினதுன்னு அங்கயே கல்வெட்டு இருக்கு. மார்ப்பிடுகு பெருங்கிணறுன்னு பேரு. ஒரு மூலையில குளிக்கிறவங்க இன்னொரு மூலையில இருக்கிறவங்க கண்ணுக்குத் தெரிய மாட்டாங்க. மாமியார் ஒரு பக்கம் குளிச்சா மருமகளுக்குத் தெரியாதுன்னு ஊர்ல சொல்லிச் சிரிப்பாங்க.

சின்ன வயசுல இருந்து அங்க ஒளிஞ்சு விளையாடியிருக்கேன். அன்னிக்குத்தான் வேற மாதிரி தெரிஞ்சுது. நாலு வாசல். ஒரு பக்கம் குடத்தோட ஏறுறவங்க இன்னொரு பக்கம் இறங்குறவங்களை இடிக்க மாட்டாங்க. யாரும் யாருக்காகவும் ஒதுங்கி நிக்க வேண்டாம். நடுவுல தண்ணி ஒண்ணு, அதுக்கு வர்ற வழி நாலு.

எங்க குடோனுக்கு? ஒரே கேட்டு. சரக்கு கொண்டு வர்ற வண்டியும் எடுத்துட்டுப் போற வண்டியும் அதே வழியில மூஞ்சியோட மூஞ்சி நிக்கும்.

மறுநாள்ல இருந்து ஒரு நோட்டுப் போட்டேன். வண்டி வந்த நேரம், பிளாட்பாரத்துல ஒட்டுன நேரம், ஏத்த ஆரம்பிச்ச நேரம், முடிஞ்ச நேரம், கேட்டை விட்ட நேரம். யாரும் சொல்லல, நானா. முதல் நாள் பதினோரு வண்டி. ஏத்தி இறக்குற வேலை ஒரு வண்டிக்கு அம்பது நிமிசம், ஒரு மணி நேரம்தான். மிச்ச நேரமெல்லாம் வண்டி சும்மா நின்னுச்சு. ஒரு வண்டி மூணேகால் மணி நேரம். டிரைவருங்க வேப்பமரத்தடியில உக்காந்திருந்தாங்க, ஒருத்தர் கைலியைப் போர்த்திட்டுத் தூங்கினாரு. அவங்க யாருக்கும் இது புதுசே இல்ல. எனக்குத்தான் வயிறு எரிஞ்சுது.

லாரி ஓடினாத்தான் காசு. நின்னா டியூ நிக்காது, இன்சூரன்ஸ் நிக்காது, வீட்டுல அரிசி நிக்காது. 'ஹால்ட் வாடகை'ன்னு ஒரு வார்த்தை இருக்கு. ஒரு நாளுக்கு மேல நிறுத்தி வெச்சா குடுக்கணும். எத்தனை பேரு கேட்டு வாங்குறாங்கன்னு எங்கப்பாவைக் கேட்டா தெரியும்.

காகிதமும் அப்படித்தான். ஜிஎஸ்டிக்கு இ-வே பில் எடுக்கிறோம்ல, அதுக்கு ஆயுசு உண்டு. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். முன்னாடி 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள் இருந்துச்சு, 2021ல 200 ஆக்கிட்டாங்க. வண்டி எங்கயாவது மாட்டி நின்னா பில்லு செத்துப்போகும். முடியறதுக்கு எட்டு மணி நேரம் முன்னாடியோ, முடிஞ்சு எட்டு மணி நேரத்துக்குள்ளயோ நீட்டிச்சாகணும். வண்டி பழுதாகி சரக்கை வேற வண்டிக்கு மாத்தினா பில்லுல வண்டி நம்பரையும் மாத்தணும். இதைத் தெரிஞ்ச ஒரு ஆள் ஆபீஸ்ல முழிச்சிருந்தா டிரைவர் ரோட்டுல நிம்மதியா இருப்பாரு. அந்த ஆள் நான்தான். அதுக்குத்தான் மாமா படிக்கிறேன்.

அப்பா பழைய கதை ஒண்ணு சொல்வாரு. ஜிஎஸ்டி வர்றதுக்கு முன்னாடி, கேரளா எல்லையில ஒரு செக்போஸ்ட்டு. வாழைத்தார் லோடு. சாயந்திரம் வரிசையில நின்னவரு மறுநாள் மதியம்தான் தாண்டினாரு. தார்ப்பாய்க்குள்ள காய் பழுக்கிற வாசனை கேபின் வரைக்கும் வந்துச்சாம். "அந்த வாசனை வந்தா வாடகையில பாதி போச்சுன்னு அர்த்தம்மா." 2017 ஜூலை 1ஆம் தேதிக்கு அப்புறம் வணிகவரி செக்போஸ்ட்டுங்களை எடுத்தாங்க. ஜிஎஸ்டியைப் பத்தி ஆயிரம் குறை பேசலாம், எங்கப்பா அந்த ஒண்ணுக்காக மட்டும் அதைத் திட்டவே மாட்டாரு.

மாமா, 'லாரி ஆபீஸ்'னு சொன்னீங்கல்ல? மால்கம் மெக்லீன்னு ஒருத்தர். அமெரிக்காக்காரர், லாரி ஓட்டினவரு. 1937ல நியூ ஜெர்சி துறைமுகத்துல பஞ்சுப் பொதி ஏத்திட்டு வந்து, நாள் முழுக்க வரிசையில காத்துக் கிடந்தாராம். முன்னாடி இருக்கிற லாரியில இருந்து ஒவ்வொரு மூட்டையா தூக்கிக் கப்பல்ல வெக்கிறதைப் பார்த்துட்டே. லாரிப் பெட்டியை அப்படியே தூக்கி வெச்சா என்னன்னு அங்கதான் தோணுச்சுன்னு பின்னாடி அவரே சொல்லியிருக்காரு. 1956 ஏப்ரல் 26ஆம் தேதி, 58 பெட்டியோட ஒரு கப்பல் நியூவர்க்ல இருந்து ஹூஸ்டன் போச்சு. இன்னிக்கு உலகம் பூரா ஓடுற கண்டெய்னர் கதை அங்கதான் சூடு பிடிச்சுது. காத்துக் கிடந்து கடுப்பான ஒரு லாரி டிரைவர்.

அந்தப் பெட்டியை ரயில்ல ஏத்துற வேகனை எங்க செய்றாங்க தெரியுமா? நம்ம பொன்மலையிலயும் செஞ்சிருக்காங்க. 1928ல இருந்து இருக்கிற ரயில்வே பணிமனை. எங்க வகுப்புல பாதி பேருக்கு அது தெரியல. புத்தகத்துல ராட்டர்டாம் இருக்கு, சிங்கப்பூர் இருக்கு. பஸ்ஸுல போனா எட்டிப் பார்க்கிற தூரத்துல இருக்கிற பொன்மலை இல்ல. போன வருசம் பஞ்சப்பூர்ல புது பஸ் ஸ்டாண்டோட லாரிகளுக்குன்னே ஒரு முனையம் திறந்தாங்க, அதையும் நாங்களா போய்த்தான் பார்த்தோம். அந்த அறுபது பங்கு பயிற்சின்னு சொன்னேனே, எங்க காலேஜுல மொதல் வருசம் அது ஒரு நாள் டூர், ஒரு குரூப் போட்டோ. எனக்கு இதுல நிஜமாவே வருத்தம். சார்கிட்ட நேரா போய்ச் சொன்னேன். "சார், லோடு அடுக்குறதைப் பத்தி ஸ்லைடு போடுறதுக்கு லோடு அடுக்குறவரையே கூப்பிடலாம் சார்."

அவர் ஒரு நிமிசம் யோசிச்சு, "யாரு இருக்கா?"ன்னாரு.

மண்ணச்சநல்லூர்ல அப்பா லோடு எடுக்கிற மில்லுல லோடுமேன் மேஸ்திரி ஒருத்தர் இருக்காரு. தாத்தான்னுதான் கூப்பிடுவேன். நாப்பது வருசமா மூட்டை. போன புதன்கிழமை அவரு எங்க காலேஜுக்கு வந்தாரு. குட்டி யானை வண்டியில இருபது அரிசி மூட்டையோட. வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டது. சும்மாட்டுத் துண்டைக் கையில சுருட்டி வெச்சிருந்தாரு.

முதல் கேள்வியே அவரு கேட்டாரு. "இந்த மூட்டை எத்தனை கிலோ?"

பசங்கல்லாம் "இருபத்தஞ்சு"ன்னாங்க.

"இருபத்தாறு. தைச்ச இடத்துல பாருங்க."

2022 ஜூலை 18க்கு அப்புறம் 25 கிலோ வரைக்கும் பை போட்டு லேபிள் ஒட்டின அரிசிக்கு 5 சதவீதம் வரி. அதுக்கு மேல போனா கிடையாது. அதனால மில்லுங்க 26 கிலோ மூட்டைக்கு மாறுனாங்க. வாங்குறவங்களுக்கு ஒரு கிலோ வித்தியாசம். "நானூறு மூட்டை ஏத்துற வண்டிக்கு எவ்வளவு?"ன்னாரு தாத்தா. நானூறு கிலோ. பழைய கணக்குல மூட்டை எண்ணி ஏத்துனா வண்டி அரை டன்னு கிட்ட கூடிடும். அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், அதுக்கு மேல கூடுற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. மூட்டையை எண்ணாதீங்க, எடையை எண்ணுங்கன்னாரு. அப்புறம் மெதுவா, "என் கழுத்துக்கும் அந்த ஒரு கிலோ தெரியும்"ன்னாரு. வகுப்புல சத்தமே இல்ல.

அப்புறம் அட்டி போட்டு, அதாவது மூட்டையை அடுக்கிக் காட்டுனாரு. முதல் வரி நீளவாக்குல. அடுத்த வரி குறுக்கால. மூட்டையோட தைச்ச வாய் உள்பக்கம் பார்க்கணும், தையல் பிரிஞ்சாலும் அரிசி உள்ளயே நிக்கும், வெளிய கொட்டாது. ஒவ்வொரு மூட்டையையும் போட்டதும் முழங்கையால நடுவுல ஒரு அமுக்கு. அந்தப் பள்ளத்துல அடுத்த மூட்டை உக்காரும். பிரேக் அடிச்சாலும் சரியாது. நான் புத்தகத்துல அம்பு போட்டு வரைஞ்ச படத்துல அந்த முழங்கை இல்ல.

எங்க வகுப்புல நாப்பது பேருல நாங்க ஆறு பொண்ணுங்க. "நீங்களும் வாங்கம்மா"ன்னு கூப்பிட்டாரு. ரெண்டு ரெண்டு பேரா தூக்கினோம். மூணு வரி போட்டதும் தாத்தா கையால தள்ளிப் பார்த்தாரு. எங்க அட்டி ஆடுச்சு. "இந்த மூட்டைக்கு வாய் வெளிய இருக்கு பாரு"ன்னு தொட்டுக் காட்டுனாரு. இறக்கித் திரும்பப் போட்டோம். ரெண்டாம் தடவை ஆடல.

மூணு மாசம் அப்பாகிட்ட நின்னா போதாதான்னு கேட்டீங்கல்ல மாமா? அந்த மூணு மாசமும் வேணும், இந்த மூணு வருசமும் வேணும். தாத்தாவுக்கு அட்டி தெரியும், இ-வே பில்லு தெரியாது. எனக்குப் பில்லு தெரியும், முழங்கை தெரியாம இருந்துச்சு.

(குடோன் நோட்டு என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. ரெண்டு மாசக் கணக்கை மேனேஜர்கிட்ட குடுத்தேன். கேட்டு இன்னும் ஒண்ணுதான். ஆனா வர்ற வண்டிக்குக் காலையில, போற வண்டிக்கு மதியத்துக்கு மேலன்னு நேரம் பிரிச்சாங்க. எங்க கோயில்ல உத்தராயண வாசல் ஆறு மாசம், தட்சிணாயன வாசல் ஆறு மாசம்னு மாத்தி மாத்தித் திறக்கிற மாதிரி. வேப்பமரத்தடியில கூட்டம் குறைஞ்சிருக்கு.)

வகுப்பு முடிஞ்சதும் சார் வெளியிலிருந்து பாடம் எடுக்க வர்றவங்க கையெழுத்துப் போடுற ரிஜிஸ்டரை நீட்டுனாரு. தேதி, பேரு, எடுத்த பாடம், கையெழுத்து. தாத்தா பேனாவை வாங்கி, கண்ணாடியை மூக்குல இறக்கி, ஒவ்வொரு எழுத்தா எழுதுனாரு. 'எடுத்த பாடம்'கிற இடத்துல வந்து நின்னு என்னை நிமிர்ந்து பார்த்தாரு.

"இதுல என்னம்மா போட?"

"நீங்க இப்ப எடுத்தது தாத்தா."

அவருக்கு முன்னாடி எழுதியிருந்தவங்களோட வரியையெல்லாம் ஒரு தடவை பார்த்தாரு. அப்புறம் கட்டம் கொள்ளாம பெரிய எழுத்துல எழுதுனாரு. மூட்டை அடுக்குறது.